நிரந்தர உரிமமா? ஆண்டுச் சந்தாவா?



பத்திரிகை வாங்கும் குடும்பத்தாருக்கு ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா என்னும் இரு சொற்களும் புதியவை அல்ல. ஆண்டுச் சந்தா முடிந்துவிட்டால் அடுத்த இதழ் வராது. ஆனால் ஏற்கெனவே வந்து சேர்ந்த இதழ்கள் நம் அலமாரியிலேயே இருக்கும். அவற்றை எவரும் திரும்பக் கேட்பதில்லை. ஆயுள் சந்தாவிலோ வேறொரு நுட்பம் உண்டு. ஆயுள் என்பது யாருடைய ஆயுள்? சந்தாதாரரின் ஆயுளா, பத்திரிகையின் ஆயுளா? பத்திரிகை நின்றுவிட்டால் ஆயுள் சந்தாவும் அத்துடன் நின்றுவிடும் அல்லவா?

இவ்விரண்டு உண்மைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று ஜமாஅத் அலுவலகங்களும் மதரஸா நிர்வாகங்களும் சிறு வணிகர்களும் எதிர்கொள்ளும் ஒரு கேள்விக்கு விடை காண்பது எளிதாகும். பி.டி.எஃப். கோப்புகளைக் கையாளும் மென்பொருளை ஒரே தடவை பணம் கட்டி வாங்குவதா, ஆண்டுதோறும் சந்தா கட்டிப் பயன்படுத்துவதா என்பதே அக்கேள்வி.

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று எண்ணிவிட வேண்டாம். நாங்குநேரி வட்டாரத்தில் நிலமோ மனையோ உள்ள எவரும் இன்று வில்லங்கச் சான்றிதழையும் பட்டாவையும் பி.டி.எஃப். கோப்பாகவே பெறுகின்றனர். மாணவர்களின் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அவ்வாறே வருகின்றன. 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு ‘உமீத்’ இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்று கூறியபோது, நாடெங்குமுள்ள பள்ளிவாசல் நிர்வாகங்கள் பழைய பத்திரங்களைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்ய வேண்டியதாயிற்று. ஏர்வாடியாயினும் களக்காடாயினும், கணிப்பொறியை அறியாத ஜமாஅத் இனி இருக்க இயலாது.

விற்பனையும் வாடகையும்

ஃபிக்ஹு நூல்களில் பைஉ என்பது விற்பனை. இஜாரா என்பது வாடகை. நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் கிரயம் என்றும் குத்தகை என்றும் பிரித்து எழுதுவதும் இதையே. கிரயம் பெற்றவர் வயலுக்குச் சொந்தக்காரர். குத்தகைக்கு எடுத்தவர் தவணை உள்ளவரை விளைச்சலுக்கு உரியவர். தவணை முடிந்தால் வரப்பைவிட்டு இறங்க வேண்டும்.

சந்தா முறை ஏறத்தாழ வாடகையே. காலம் முடிந்தால் மென்பொருள் இயங்காது. ஆனால் நிரந்தர உரிமம் என்பதும் முழுக் கிரயம் அன்று. ஒரு நூலை வாங்கியவருக்கு அந்தப் பிரதி சொந்தம். அதை அச்சிட்டு விற்கும் உரிமை சொந்தமன்று. மென்பொருளும் அப்படியே. வட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் மென்பொருள் ஒரு சரக்கே என்று டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயனீட்டாளருக்குக் கிடைப்பது பதிப்புரிமை அன்று, ஒரு பிரதியைப் பயன்படுத்தும் உரிமையே என்பதை அதே நீதிமன்றம் 2021இல் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் தெளிவாக்கியது. எனவே ‘நிரந்தரம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் எல்லாம் நமதாகிவிட்டது என மகிழ்ந்துவிடக் கூடாது.

நிரந்தரத்தின் எல்லை

பி.டி.எஃப். என்னும் கோப்பு முறையை 1993இல் உலகுக்கு அளித்த அடோபி நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சான்று. அந்நிறுவனம் தன் படவேலை, அச்சுவேலை மென்பொருள் தொகுப்புகளை நிரந்தர உரிமமாக விற்பதைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறப்போவதாக 2013 மே மாதம் அறிவித்தது. பி.டி.எஃப். மென்பொருளில் மட்டும் நிரந்தர உரிமம் சிறிது காலம் நீடித்தது. 2020இல் வெளிவந்த அக்ரோபாட் 2020 அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 நவம்பர் 30உடன் நின்றுவிட்டன. அடுத்து வந்த அக்ரோபாட் 2024 மூன்றாண்டுக் கால உரிமமே.

திருத்தம் நின்றாலும் மென்பொருள் ஓடத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஓடும். ஆனால் பூட்டுப் பழுதான வீட்டில் குடியிருப்பதற்கு அது ஒப்பாகும். மின்னஞ்சலில் வரும் பி.டி.எஃப். கோப்புக்குள் தீய நிரலை ஒளித்துவைத்து அனுப்புவோர் உண்டு. திருத்தம் பெறாத மென்பொருளால் அக்கோப்பைத் திறந்தால் ஆபத்து நமக்கே. இன்னொன்று: நிரந்தர உரிமமும் சில வேளைகளில் நிறுவனத்தின் கணிப்பொறியிடம் அனுமதி கேட்ட பின்னரே இயங்கத் தொடங்கும். அவ்வாறு சி.எஸ்.2 என்னும் தொகுப்புக்கு அனுமதி வழங்கி வந்த கணிப்பொறிகளை அடோபி நிறுத்தியபோது, அனுமதி கேட்காத மாற்றுப் பிரதியை அந்நிறுவனமே உரிமையாளர்களுக்குத் தர நேர்ந்தது. எல்லா நிறுவனங்களும் அவ்வாறு தரும் என்பதற்கு உறுதி ஏது?

சந்தாவின் நிறையும் குறையும்

சந்தாவில் நன்மையே இல்லை என்பதன்று. புதிய பதிப்பும் பாதுகாப்புத் திருத்தமும் தாமே வந்து சேரும். முதலில் பெருந்தொகை வேண்டியதில்லை. பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்துவது போன்ற இரண்டு மாத வேலைக்கு மாதச் சந்தா போதும், முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

ஆனால் மாதத் தவணையும் மாத ஒப்பந்தமும் ஒன்றல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்து மாதந்தோறும் செலுத்தும் முறையும் உண்டு. அதனை இடையில் நிறுத்தினால் எஞ்சிய தவணைகளில் பாதியைக் கட்டணமாக வசூலிப்பதை அடோபி நிறுவனம் தெளிவாகக் கூறவில்லை என்று குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசின் வணிக ஆணையத்திற்காக 2024 ஜூன் மாதம் அங்கு வழக்குத் தொடுக்கப்பட்டது. இஜாராவில் காலமும் வாடகையும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் அருமை இங்கே விளங்குகிறதல்லவா? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் எந்தச் சந்தாவிலும் சேராதீர்கள். வங்கி அட்டையிலிருந்து தாமாகவே பிடித்தம் செய்யப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வறிவிப்பைப் படிக்காமல் அழித்துவிட்டால் விதி இருந்தும் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

விளங்குவதற்காக மட்டும் ஒரு கணக்கு. இவை கடை விலைகள் அல்ல. நிரந்தர உரிமம் 12,000 ரூபாய், ஆண்டுச் சந்தா 4,000 ரூபாய் என்று கொள்வோம். மூன்றாண்டில் இரண்டும் சமமாகும். ஐந்தாண்டு திருத்தம் கிடைக்கும் நிரந்தர உரிமமாயின், கடைசி இரண்டாண்டுச் சந்தாவான 8,000 ரூபாய் மிச்சம். திருத்தம் ஓராண்டுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த மிச்சம் பெயரளவுக்கே. ஆகவே விலையை மட்டும் கேட்காமல், திருத்தம் எத்தனை ஆண்டுகள் என்றும், புதுக் கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்பதையும் கேட்டறியுங்கள். மூன்று கணிப்பொறிகளுக்கு வேண்டுமாயின் பெரும்பாலும் மும்மடங்கு ஆகும். மூன்றிலும் உண்மையில் அவ்வேலை நடக்கிறதா?

இலவசமாகக் கிடைப்பவை

கட்டணம் கட்டும் முன் ஒரு வினா: நமக்கு அந்த மென்பொருள் வேண்டுமா? பி.டி.எஃப். கோப்பைப் படிக்க, அச்சிட, அரசுச் சான்றிதழிலுள்ள மின்கையொப்பத்தைச் சரிபார்க்க இலவச அக்ரோபாட் ரீடர் போதும். கடிதத்தைப் பி.டி.எஃப். ஆக்கும் வசதி வேர்டிலேயே இருக்கிறது. 2010இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் என்னும் இலவசத் தொகுப்பிலும் இருக்கிறது. பக்கங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் பி.டி.எஃப்.சாம் பேசிக் என்னும் இலவச மென்பொருள் உதவும். கோப்பினுள் உள்ள எழுத்தைத் திருத்துவது, ஸ்கேன் செய்த பக்கத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவது, ஆதார் எண் போன்றவற்றை நிலையாக நீக்குவது ஆகியவற்றுக்கே பெரும்பாலும் கட்டண மென்பொருள் தேவைப்படும். அதையும் வாங்குமுன் சோதனைப் பதிப்பில் ஒரு தமிழ்ப் பத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்த மென்பொருளால் நமக்கு என்ன பயன்?

எச்சரிக்கை ஒன்று. எண்ணின்மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் எண் மறைந்துவிடாது. அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கக்கூடும். அவ்வாறே, இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம் என்னும் முகமறியா இணையதளங்களில் திருமணப் பதிவேட்டையும் நம் வீட்டுப் பெண்களின் ஆதார் நகலையும் ஏற்றுவது பேதைமை. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள்.

பூட்டுடைத்த திருட்டுப் பிரதியைக் கடைக்காரர் போட்டுத் தந்தால் ஏற்காதீர்கள். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. பள்ளிவாசல் கணக்கு அத்தகைய பிரதியில் எழுதப்படலாமா என்பதை உங்கள் மனசாட்சியிடமே கேளுங்கள்.

யார் பெயரில்?

பலரும் கவனிக்காத செய்தி இது. செயலாளரின் சொந்த மின்னஞ்சலிலும் சொந்த வங்கி அட்டையிலும் உரிமம் வாங்கப்படுகிறது. நிர்வாகம் மாறுகிறது. பழைய செயலாளர் வளைகுடாவுக்கோ வெளியூருக்கோ போய்விடுகிறார். உரிமமும் கடவுச்சொல்லும் அவருடனே போய்விடுகின்றன. நிரந்தர உரிமமும் அன்றோடு முடிகிறது. எனவே ஜமாஅத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி அதிலேயே வாங்குங்கள். உரிம எண், வாங்கிய நாள், முடியும் நாள், தொகை ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருமறையின் இரண்டாம் அத்தியாயம் பணிப்பதை நாம் அறிவோம்.

முடிவாக, என் கருத்து இதுவே. சிறிய ஜமாஅத்துக்கும் மதரஸாவுக்கும் இலவச மென்பொருள்களே முதல் தேர்வு. அன்றாடம் கோப்பைத் திருத்தும் வேலையுள்ள அலுவலகம், ஐந்தாண்டேனும் திருத்தம் தரும் நிரந்தர உரிமம் கிடைத்தால் ஒரே ஒரு கணிப்பொறிக்கு வாங்கலாம். குறுகிய காலப் பெருவேலைக்கு மட்டும் மாதச் சந்தா. எதைத் தேர்ந்தாலும் அஞ்ச வேண்டாத செய்தி ஒன்றுண்டு: பி.டி.எஃப். 2008 முதல் உலகப் பொதுத் தரமாகிவிட்டது. சந்தா நின்றாலும் நம் கணிப்பொறியில் சேமித்த கோப்புகள், அலமாரியில் உள்ள பழைய இதழ்களைப் போல நம்முடனேயே இருக்கும். நிறுவனத்தின் இணையக் கிடங்கில் வைத்தவற்றை மட்டும் சந்தா முடியும் முன்பே இறக்கி, இரண்டு பிரதிகளாகக் காத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய நாம், கேட்டுத் தெளிந்து செலவிடுவோமாக!