கேட்கப்படாத கேள்வி

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பிறப்பித்த விலக்கு ஆணையை ஈழத்தமிழ் அகதிகளுக்குக் கிட்டிய விமோசனமாகப் பாராட்டுகிறவர்கள், அதனை முழுவதும் வாசிக்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டனை இராது, அவ்வளவே. அகதி என்ற அந்தஸ்தும் இல்லை, பிரஜாவுரிமைக்கு வழியும் இல்லை. அதே ஆணை, பாகிஸ்தான் முதலிய மூன்று தேசங்களின் ஆறு சமயத்தாருக்கு 2024 டிசம்பர் 31 வரை இடமளிக்கிறது. 2022இல் பஞ்சத்துக்கு அஞ்சி அரிச்சல்முனை மணல்திட்டில் குழந்தைகளோடு இறங்கிய தமிழர்களுக்கோ இரண்டிலும் இடமில்லை.

1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நம் தேசத்தில், எந்த இயக்கம், யார் படகு என்று துருவுவதற்குப் போலீசார் உண்டு. ஏன் ஓடி வந்தாய், திரும்பினால் உனக்கு என்ன நேரும் என்று கேட்டுத் தீர்ப்பெழுத ஒருவரும் இல்லை.

கனடாவைப் பாருங்கள். 1985 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன சீக்கியர்கள் தொடுத்த சிங் வழக்கில், அடைக்கலம் கோருவோரின் வாய்ச்சொல்லை நேரில் கேளாமல், காகிதத்தை மட்டும் பார்த்து அவர்களை நம்பத்தகாதவர் என்று தள்ளுவது நியாயமாகாது என்று தீர்த்தது. அதன் விளைவாக 1989இல் தனி வாரியமே பிறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து போன ஆயிரக்கணக்கானோர் தத்தம் கதையை அதன்முன் சொல்லி, இன்று அந்நாட்டுப் பிரஜைகளாக வாழ்கிறார்கள். நம்மவர் அங்கே வாதாடிப் பெற்றுத் தந்த உரிமை, நம் மண்ணில் நம் மொழி பேசுவோருக்கு இல்லை!

தேசப் பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு. நாற்பது வருஷமாகத் தமிழகப் போலீசின் க்யூ பிரிவுப் பதிவேட்டில் பெயரும் கைரேகையுமாக இருப்பவர்களைப் பற்றி இனி என்ன அறியவேண்டும்?

முக்கொம்பு மேலணையில் காவிரி நீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்புமுன் வரத்தை அளக்கிறார்கள். மனிதரைப் பிரிக்கையில் அந்த அளவுகூட இல்லை, பிறந்த தேதி ஒன்றே போதும். திருச்சி கொட்டப்பட்டு அகதிகள் முகாமில், அண்ணன் 1987 ஜூனில் பிறந்திருந்தால் பிறப்பால் இந்தியப் பிரஜை. அடுத்த வருஷம் பிறந்த தம்பி, சட்டவிரோதக் குடியேறி. திருச்சித் தமிழே பேசி, ஊரார் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கும் அவன், வெளியூரில் தங்கி வேலை செய்ய வேண்டுமானால் முகாம் வருவாய் ஆய்வாளரிடம் அனுமதிக்கு நிற்கவேண்டும்.

முகாமில் பிறந்த ஒவ்வொருவருக்கும், மனுவே கேளாமல் பிரஜாவுரிமை வழங்கவேண்டும். பின்னால் வந்தவர்களை நேரில் விசாரிக்க ஒரு சுதந்திர நியாயசபை வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சிபேதமின்றி, வரும் கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டுகிறேன்.