பிரேக் பேடுல மிச்சம் பிடிச்ச இருநூறு ரூபாய்

மந்தைவெளியில மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து ஆர்.கே. மடம் ரோட்டுல எந்தத் தடுப்பு எங்க நகர்ந்திருக்குன்னு நேர்ல போனாத்தான் தெரியும். போன மாசம் காலேஜுக்குக் கிளம்பின ஒரு காலையில, எனக்கு முன்னாடி போன ஆட்டோ அப்படி ஒரு தடுப்புக்கிட்ட சட்டுனு நின்னுச்சு. நானும் பிரேக் பிடிச்சேன். லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்தது. வண்டி நின்னது, ஆனா நான் கணக்குப் போட்ட இடத்துல இல்ல. முன் சக்கரம் ஆட்டோ பம்பரைத் தொட்டுக்கிட்டு இருந்தது.

ஆட்டோ அண்ணன் இறங்கி வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். குனிஞ்சு என் முன் டிஸ்க்கைப் பார்த்துட்டு, "பேடு எங்க தம்பி போட்ட?"ன்னுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு வாரம் முன்னாடி மாத்தினது. மெக்கானிக் அண்ணன் ரெண்டு காட்டினார், ஒண்ணு 480 ரூபாய், இன்னொண்ணு 280. 280-ஐ எடுத்தது நான்தான். அது ஒரு பிளாஸ்டிக் கவர்ல வந்தது. மேல என் வண்டி பேர் இருந்தது, தயாரிச்சவங்க பேர் இல்ல. மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற நான் அதைக் கவனிக்கவே இல்ல.

இதை ஹாஸ்டல்ல சொன்னப்போ உடனே வந்த அறிவுரை, "அதான் வெளியில போடாத, கம்பெனி சர்வீஸ்லயே போடு." இதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆஃப்டர்மார்க்கெட்னாலே டூப்ளிகேட்னு நாம முடிவு பண்ணிட்டோம். ஆனா வண்டி கம்பெனிகள் பெரும்பாலும் பேடு செய்யறதில்ல, வாங்கித்தான் போடுறாங்க. அந்தத் தொழில்ல நம்ம ஊரே ஒரு பெரிய புள்ளி. 1962-ல தொடங்கின பிரேக்ஸ் இந்தியாவும், 1974-ல தொடங்கின சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில இருக்கு. ரானே அம்பத்தூர்ல. இந்த மாதிரி தயாரிப்பாளர்கள் வண்டி கம்பெனிக்கும் கொடுப்பாங்க, தங்களோட சொந்தப் பேர்ல ஜி.பி. ரோடு கடைகளுக்கும் அனுப்புவாங்க. அதுவும் ஆஃப்டர்மார்க்கெட்தான். அதனால கம்பெனியா வெளியான்னு பிரிக்கிறதை விட, செஞ்சவன் யாருன்னு தெரியுமா தெரியாதான்னு பிரிக்கிறதுதான் சரி.

பஸ் டெப்போ பக்கம் டீக்கடையில ஒரு கால் டாக்சி டிரைவர் சொன்னது வேற மாதிரி கதை. அவர் போட்ட விலை குறைஞ்ச பேடு நல்லாவே பிடிச்சுதாம். தேயவே இல்லையாம். "சூப்பர் பேடுன்னு நாலு பேர்கிட்ட சொன்னேன் தம்பி. அடுத்த சர்வீஸ்ல பார்த்தா டிஸ்க்கு ரெண்டும் ரெக்கார்டு தட்டு மாதிரி கோடு கோடா இருக்கு." பேடுல மிச்சம் பிடிச்சதைப் போல பல மடங்கு புது டிஸ்க்குக்குக் கொடுத்தார். பேடுங்கிறது தேயறதுக்காகவே செய்யற பொருள். அது தேஞ்சாத்தான் டிஸ்க் பிழைக்கும். மெட்டல் அதிகமா கலந்த, கரடுமுரடான பேடு அந்தக் கணக்கைத் தலைகீழா மாத்திடும். நாம கடையில முதல்ல கேக்குறதோ "எவ்ளோ நாள் வரும்ணா?"ங்கிறதுதான்.

கார் பேடு பல தயாரிப்புகள்ல ஓரத்துலயோ பின்பக்கத் தகட்டுலயோ ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கும். எஃப்எஃப், ஜிஜி, எஃப்இ இப்படி. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல உராய்வுக் குணகம், ரெண்டாவது நல்லா சூடான பிறகு. இ-ன்னா 0.25-ல இருந்து 0.35, எஃப்-னா 0.45 வரைக்கும், ஜி-ன்னா 0.55 வரைக்கும். எஃப்இ-ன்னு இருந்தா, சூடானதும் பிடி குறையும்னு அர்த்தம். டவுனுக்குள்ள அது பெருசா தெரியாது. கொல்லிமலையோட எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது தெரியும்.

ஐரோப்பாவுல மாற்றுப் பேடுக்குன்னே ஆர்90-ன்னு ஒரு விதி இருக்கு. கார் பேடு அசலோட செயல்திறன்ல இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாது. இந்த 15 சதவீதம் எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகத்துல, விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வேகக் குறைப்புன்னா, நிக்கிறதுக்கு சுமார் 14 மீட்டர். லீவரை அதே அழுத்தத்துல பிடிச்சு, பிடி மட்டும் 15 சதவீதம் குறைஞ்சா 16 மீட்டரைத் தாண்டுது. அதாவது ஒரு பைக் நீளத்துக்கு மேல. விதி அனுமதிக்கிற வித்தியாசமே இவ்வளவு. என் பிளாஸ்டிக் கவர் பேடு எத்தனை சதவீதம் விலகியிருந்ததோ!

திரும்பப் போய் மெக்கானிக் அண்ணன்கிட்ட சண்டை போடணும்னுதான் போனேன். அவர் அலட்டிக்கல. "பத்துல எட்டு பேரு கம்மியா இருக்கிறதைத்தான் கேக்குறாங்க. 480-ஐ வாங்கி வெச்சா தூசிதான் படியுது." அவரை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ஹெல்மெட் வாங்குறப்போ ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு தடவிப் பார்க்கிறோம். 2021 ஜூன்ல இருந்து அது கட்டாயம். தலை ரோட்டுல மோதாம காப்பாத்த வேண்டிய பேடை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு வாங்குறோம்.

480 ரூபாய் பேடு போட்டாச்சு. டிஸ்க் எவ்வளவு தடிமன் வரைக்கும் தேயலாம்னு அதுலயே அச்சடிச்சிருக்கு. முதல் வருஷ லேப்ல பிடிச்ச வெர்னியரை இப்பத்தான் சொந்த வேலைக்குப் பிடிச்சேன், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. (தேஞ்ச டிஸ்க்குக்கு ஓரத்துல விளிம்பு நிக்கும், மைக்ரோமீட்டர்தான் சரின்னு லேப் அண்ணன் சிரிச்சார்.) புது பேடு உக்கார்ற வரைக்கும் முதல் 200, 300 கிலோமீட்டர் ஆவேசமா பிடிக்காம ஓட்டணும்னு மெக்கானிக் அண்ணன் சொன்னதையும் இந்தத் தடவை கேட்டுக்கிட்டேன்.

நம்ம டிபார்ட்மெண்ட் டிரைபாலஜி லேப்ல பின்-ஆன்-டிஸ்க் மெஷின் இருக்கு. வருஷா வருஷம் அலுமினியம் காம்போசிட்டைத்தான் அதுல தேய்க்கிறோம். ஜி.பி. ரோடுல ஒரே வண்டிக்கு விக்கிற ஆறேழு பேடை வாங்கி, 100, 200, 300 டிகிரியில உராய்வு எப்படி மாறுதுன்னு அளந்து, முடிவைத் தமிழ்ல இதே பத்திரிகையில போட்டா என்ன? இறுதியாண்டு அண்ணன்கள், அக்காக்கள் யாராவது எடுக்கிறதா இருந்தா சொல்லுங்க. முதல் சாம்பிளுக்குச் செலவு வேண்டாம். கழட்டின அந்த 280 ரூபாய் பேடு இன்னும் என் பேக்லதான் கிடக்கு.