ஒரே ஒரு பலகை என்றால் அகலமானதையே கொண்டு போ மச்சான்

எங்கட பெட்ச்சில் பொத்துவில் மச்சான் ஒருத்தன் இருக்கிறான். எட்டு மணி லெக்சருக்கு ஒருநாளும் நேரத்துக்கு வராதவன். ஆனால் மே மாதம் பிறந்துவிட்டால் சுபஹு தொழுத கையோடு அறுகம்பை மெயின் பொயின்ட்டில் நிற்பான். பத்து வருடமாக சேர்ஃபிங் செய்கிறான். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க்காரரான நாங்கள் கரையில் நின்று வாயைப் பிளந்து பார்க்கிற ஆள்.

ஒக்டோபர் முடிய எங்கட பக்கம் மாரி தொடங்கி, கடல் குழம்பிவிடும். அந்த நேரம் பார்த்துத் தெற்கே வெலிகம, மிதிகம, ஹிக்கடுவைப் பக்கம் சீசன் திறக்கும். இந்த முறை டிசம்பரில் இரண்டு கிழமை அங்கே போகப் போகிறான். போவது பஸ்ஸில், ஆகவே ஒரு பலகைதான். அவனிடம் இருப்பது இரண்டு. ஒன்று 18¾ அங்குல அகலம், கூர் மூக்கு, போட்டிக்காரர் பாவிக்கிற வகை. மற்றது 20½ அங்குலம், கட்டை, வால் மீன்வால் மாதிரிப் பிளந்தது. அதுக்குப் பேரே ஃபிஷ்தான்.

ஒரு மாதமாக வட்ஸ்அப் குறூப்பில் இதே சண்டை. நாங்கள் எல்லாரும் அகலமானதுக்குத்தான் வோட். அவன் சொல்வது ஒன்றுதான்: "அகலமானதெல்லாம் பழகிறவனுக்கு மச்சான்."

இந்த நினைப்புத்தான் எங்களுக்குப் பிரச்சினை.

ஒன்றே முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நிறைய வரும். அகலமான பலகை மெலிந்த அலையிலும் சீக்கிரம் தண்ணிக்கு மேலே எழும்பி வழுக்கும். அலை நடுவில் படுத்துப்போகிற இடத்தையும் நிற்காமல் கடந்துவிடும். குறுகினது ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குச் சட்டென்று சாயும், செங்குத்தான, பலமான அலையில் கத்தி மாதிரி வெட்டித் திரும்பும். பலமில்லாத அலையில் அதே பலகை சேற்றில் சைக்கிள் மிதித்த மாதிரி. கடைக்காரர் லீட்டர் கணக்கும் சொல்வார்கள், அதை மட்டும் நம்ப ஏலாது. 30 லீட்டர் பலகை குறுகித் தடித்ததாகவும் இருக்கலாம், அகன்று மெலிந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஓடுகிற விதம் வேறு.

அடுத்தது, ஃபிஷ் பழகிறவனுக்காக வந்த சாமானே இல்லை. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற பொடியன் முழங்காலில் நின்று ஓடுவதற்காகச் செய்தது. அவன் ஓடினது கற்பாறை மேல் உடைகிற கடும் அலைகளில்.

இப்போ கடலைப் பார்ப்போம். அறுகம்பையில் சுவர் மாதிரி எழும்பி நிற்கிற அலைப் படங்கள் எல்லாம் பெரிய அலை வந்த நாளில் எடுத்தவை. மிச்ச நாளில் அலை இடுப்பு, மிஞ்சினால் நெஞ்சு. தெற்கும் அப்படித்தான். வெலிகமைக் குடா மணலில் மெதுவாக உடைகிற அலை, ஊரெல்லாம் பழக வருகிற இடம். மிதிகமையில் 'லேஸி ரைட்', 'லேஸி லெஃப்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், பேரே சோம்பேறி. பக்கத்தில் 'ராம்ஸ்' என்று ஆழமில்லாத பாறைமேல் குழாயாகச் சுருள்கிற அலை இருக்கிறது. அங்கே 18¾தான் சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ராம்ஸ் நன்றாக விழுகிற ஒன்றிரண்டு காலைக்காக மிச்ச நாளெல்லாம் கையால் வலித்துக் களைக்க வேணுமா?

பனி நாட்டுக்காரருக்கும் இதே சண்டைதானாம். ஸ்கீயில் சப்பாத்துக்குக் கீழே உள்ள அகலத்தை மில்லிமீட்டரில் பார்ப்பார்கள். இறுகின பனிக்கு 80 போல, காஷ்மீரின் குல்மார்க் மாதிரி ஆழமான பொடிப்பனிக்கு 100க்கு மேல். ஒரு சோடிதான் கொண்டு போகலாம் என்றால் கைதேர்ந்தவர்களில் கனபேர் 95ஐ ஒட்டி நடுவில் நிற்கிறார்கள், போகிற இடத்தில் எந்தப் பனி கிடைக்கும் என்று தெரியாதபடியால். அவர்களைப் பழகிறவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

குறுகினதுதான் கெட்டிக்காரனின் பலகை என்ற எண்ணம் எங்கட கரைக்கு எப்படி வந்தது? 2019 செப்டம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று அறுகம்பையில் நடந்தது. வந்தவர்கள் ஓடினது குறுகின பலகையில், அதைத்தான் பொடியன்மார் பார்த்தார்கள். அவர்கள் பல பலகையோடு ஊர் ஊராகத் திரிகிறவர்கள் என்பது கரையில் நின்று பார்த்தால் தெரியாது. மற்றது, வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டு, விட்டுவிட்டுப் போகிற பலகைகள். நன்றாக ஓடுகிறவர் கொண்டு வருவது குறுகினது, ஆகவே எங்களுக்குக் கிடைப்பதும் குறுகினது, அதுவும் மூக்கு உடைந்து ஒட்டினது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டினபோது புதுசு வாங்கிற கதையே முடிந்துபோனது.

எங்களில் ஒருத்தன் அப்படி ஒரு பலகையில் இரண்டு சீசன் விழுந்து விழுந்து, "எனக்கு இது சரிவராது" என்று விட்டுவிட்டான். போன ஓகஸ்ட்டில் வாடகைக்குப் பலகை கொடுக்கிற நானா ஒருவர் 22 அங்குலத்தைக் கையில் கொடுத்து விஸ்கி பொயின்ட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கே எழும்பி நின்றான். இரண்டு வருடம் அவன் பிழையை எல்லாம் தன்னில் தேடியிருக்கிறான்! 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்று சேர்ஃப் கிளப் தொடங்கினார்கள். கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகு கடலுக்குள் இறங்கினவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கும் இந்த 18¾தான் போக வேணுமா?

அதனால்தான் மச்சானை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பொத்துவில் சின்னப் பொடியன்மார் இவன் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் தாங்கள் கேட்கிறார்கள். இவன் அகலமானதில் ஓடிக் காட்டினால் அடுத்தவனுக்கு அதில் ஏற வெட்கம் இராது.

பஸ் கதையும் எங்கட பக்கம்தான். ஃபிஷ் ஐந்தரை அடி, பின் சீட்டுக்குப் பின்னால் சரித்து வைக்கலாம். மற்றது ஆறு அடிக்கு மேல், கொண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கிழிப்பார்.

அவன் இன்னும் பிடி கொடுக்கவில்லை. கடைசியாகக் குறூப்பில் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்: குறுகினதைக் கொண்டு போய், நாலாம் நாள் வெலிகமையில் வாடகை ஃபோம் பலகையில் ஏறினால், அந்தப் போட்டோவை அவனே குறூப்பில் போட வேணும். நெத்தலிப் பொரியலும் சோறும் அவன் செலவு.