ஜாவா வேஷம் கட்டின ஹாஸ்கெல்

மக்கா, ரொம்ப நாளா தொண்டையில நிக்கற ஒரு விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

"ஹாஸ்கெல்ல இருக்கறதை ஜாவாவுக்கு மாத்தணும், அவ்ளோதானே? லாஜிக் ஒண்ணுதானே!"ன்னு சொல்ற மேனேஜருங்க ஒரு பக்கம். ஏஐகிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்னு சொல்ற புதுப் பசங்க இன்னொரு பக்கம். முடியும்தான், இல்லங்கல. கம்பைல் கூட ஆகும். ஆனா வந்து நிக்கறது ஜாவா இல்லீங்க, ஜாவா வேஷம் கட்டின ஹாஸ்கெல்.

வட்டம், சதுரம்னு ரெண்டு வடிவம் வச்சுக்குவோம். ஹாஸ்கெல்ல பரப்பளவுங்கறது ஒரே ஃபங்ஷன். வட்டம்னா இப்படி, சதுரம்னா அப்படின்னு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். ஜாவாவில வட்டம் ஒரு கிளாஸ், தன்னோட கணக்கைத் தானே இடுப்புல கட்டி வச்சிருக்கும். நாளைக்கு முக்கோணம் வந்தா ஜாவாக்காரர் ஒரு கிளாஸ் சேர்த்துட்டு டீ குடிக்கப் போயிடலாம். ஹாஸ்கெல்காரர் எல்லா ஃபங்ஷனையும் தொடணும். முக்கோணத்துக்குப் பதிலா 'சுற்றளவு'ன்னு புது வேலை வந்தா அப்படியே தலைகீழ். இதுக்கு ஃபிலிப் வாட்லர் 1998லயே எக்ஸ்ப்ரஷன் ப்ராப்ளம்னு பேர் வச்சாச்சு.

ஆக, மாத்தறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, இனிமே இதுல என்ன கூடும், வகையா, வேலையா? எவனாவது கேக்கறானா? வரிக்கு வரி மாத்தி, "நீ வட்டமா, நீ சதுரமா"ன்னு விசாரிக்கற இஃப்-எல்ஸ் மாலையைக் கோத்துக் குடுக்கறாங்க. ஹாஸ்கெல்ல ஒரு வகையை விட்டுட்டா கம்பைலரை எச்சரிக்க வைக்கலாம். இந்த மாலையில ஒண்ணு விட்டுப்போனா கம்பைலர் மூச்சு விடாது, கஸ்டமர்தான் போன் பண்ணிச் சொல்வார். (2023ல வந்த ஜாவா 21ல சீல்டு டைப்பும் ஸ்விட்சும் சேர்ந்து இதைப் பிடிச்சிடும். பயன்படுத்தினாத்தானே!)

ரிகர்ஷன் கூத்து தனி. ஸ்கீம்ல டெயில் கால் எத்தனை லட்சம் தடவை ஓடினாலும் ஸ்டாக் வளராது. ஜேவிஎம்ல அந்த வசதி கிடையாது. அப்படியே பெயர்த்து வச்சா, பத்து வரி டெஸ்ட் டேட்டாவில பாஸாகி, புரொடக்ஷன்ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னு பல்லிளிக்கும்.

பால் கிரஹாம் கூட்டாளிங்களோட 1995ல ஆரம்பிச்ச வயாவெப், லிஸ்ப்ல எழுதினது. 1998ல யாஹூ வாங்குச்சு. 2003ல அதோட எடிட்டரை சி++, பேர்ல்னு மாத்தி வெளியிட்டாங்க. அதுக்காக சி++க்குள்ள ஒரு லிஸ்ப் இன்டர்ப்ரெட்டரையே எழுத வேண்டியிருந்துச்சுன்னு கிரஹாம் எழுதியிருக்கார். வாசல் வழியா துரத்தினவரைக் கொல்லைப்புறமா கூட்டிவந்து பாய் போட்டு உக்கார வச்ச கதை!

எதிர்த்திசையில போறவங்க மட்டும் யோக்கியமா? ஜாவா கிளாஸ்ல இருந்த ஒவ்வொரு வேரியபிளையும் ஹாஸ்கெல்ல ஒரு ஐஓரெஃப்புக்குள்ள போட்டு, முன்ன மாதிரியே கண்ட இடத்துல மாத்திக்கிட்டிருக்காங்க. கேட்டா, நாங்க ஃபங்ஷனலுக்கு மாறிட்டோமாம் :-)