கோயில் கணக்கும் தொண்டுதான்

வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பர் டூட்டிங் வீதி முத்துமாரி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் வேலை உடுப்போடுதான் வருகிறார்கள். திருநீறு பூசி, ஒரு நிமிடம் கண்மூடி நின்றுவிட்டு இரவு வேலைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் என்ன கிடைக்கிறது என்று எமது பிள்ளைகள் கேட்கிறார்கள். நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய காலத்தில் எமக்கு அந்தக் கேள்வி எழவில்லை. கோயிலில் சோறு கிடைத்தது, ஊர்ச்சனம் கிடைத்தது, வாடகைக்கு அறை எங்கே உண்டு என்ற தகவலும் கிடைத்தது. இப்போது வீடும் வேலையும் இருக்கின்றன. பிள்ளைகளின் கேள்விக்கு எம்மிடம் பதில்தான் இல்லை.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் துறவுக்கு முன் கிளிநொச்சியில், இரணைமடு நீர்ப்பாசனத் திட்டத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். என்ன வந்தது, என்ன போனது என்று எழுதிவைக்கும் வேலை. (கணக்காளர்களான எமக்கு இதில் கொஞ்சம் பெருமை.) அவரது வழிகாட்டலில் 1935இல் தொடங்கிய இதழுக்குப் பெயர் 'சிவதொண்டன்'. பக்தன் என்றோ ஞானி என்றோ வைக்கவில்லை.

இங்கே தொண்டு என்றால் பூமாலை கட்டுவது, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது. கணக்குப் பார்ப்பதைச் சொன்னால், "அம்மனிட்டயே கணக்குக் கேக்கிறது?" என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்நாட்டில் ஓரளவு வருமானமுள்ள பதிவுசெய்த அறநிறுவனம், நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் அறநிறுவன ஆணைக்குழுவிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதை எவரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். எம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

கிஃப்ட் எய்ட் விடயமும் இப்படித்தான். வருமான வரி கட்டுகிற ஒருவர் 100 பவுண் நன்கொடை கொடுத்துப் படிவத்தில் கையெழுத்திட்டால், கோயில் அரசிடமிருந்து மேலும் 25 பவுண் பெறலாம். வரி கட்டாத அம்மம்மாவின் பெயரில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். குறையும் வரியை அவரிடமே கேட்பார்கள். பொருளுக்கோ சேவைக்கோ கொடுக்கும் கட்டணம் நன்கொடை ஆகாது. உண்டியலில் விழும் சில்லறைக்கோ கையெழுத்தே வேண்டாம்: 30 பவுணுக்கு மேற்படாத சிறு காணிக்கைகளுக்கு, ஆண்டுக்கு 8,000 பவுண் வரை, சில நிபந்தனைகளோடு அதே 25 வீதத்தைக் கேட்கலாம். அதாவது 2,000 பவுண். அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி!

கணக்கியல் படித்த பிள்ளைகளை ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் படிவங்களோடு கோயிலுக்குக் கூட்டிப்போவோம். தேவாரம் பாட வராதவர்களும் இதற்கு வரக்கூடும்.