ஏழு இரவில் ஐரோப்பா தெரியாது

"பிள்ளைக்கு ஒரு எக்ஸ்போஷர் கிடைக்கட்டுமே சார்."

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை இப்படிச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். மேசையில் சுற்றுலா நிறுவனத்தின் வழவழப்பான மடிப்புத்தாள் விரிந்து கிடந்தது. ஏழு இரவு, ஆறு நாடு. பாரிஸ், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசர்ன், வெனிஸ், ரோம். தலைக்கு இரண்டரை லட்சம் ரூபாய். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் இலவசம் என்ற கணக்கில், வரலாற்று ஆசிரியனான நான் பொறுப்பாளராகப் போனேன். போய்வந்தவன் என்பதால்தான் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

ஊர் சுற்றினால் அறிவு விரியும் என்பது ஒரு நம்பிக்கை. எத்தனை ஊரைச் சுற்றுகிறோமோ அத்தனைக்கு விரியும் என்பது அதன் தோளில் ஏறிக்கொண்ட இன்னொரு நம்பிக்கை. முதலாவதோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது பொய். பள்ளிகளும் கல்லூரிகளும் பெற்றோரும் சேர்ந்து வளர்த்துவரும் பொய்.

கணக்கைப் பாருங்கள். அந்த ஏழு ஊர்களையும் சாலை வழியே இணைத்தால் 2,300 கிலோமீட்டருக்குக் குறையாது. நிறுத்தங்களையும் சேர்த்தால் பேருந்திலேயே ஏறக்குறைய 35 மணி நேரம் போகும். ஏழு நாளின் 168 மணியில் தூக்கத்துக்கு 49, சாப்பாட்டுக்கு 21 கழியுங்கள். மிஞ்சுவது 63. ஏழு ஊருக்குப் பங்கிட்டால் ஊருக்கு ஒன்பது மணி. அந்த ஒன்பதிலும் நுழைவு வரிசை, தலை எண்ணுதல், விடுதி அறைச் சாவி, நினைவுப்பொருள் கடை என்று பாதி கரைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அது நல்ல சட்டம். ஆனால் அந்த 45 நிமிடங்களை எங்கள் பிள்ளைகள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையங்களில் கழித்தார்கள். கொலோன் பேராலயத்துக்குள் அவர்களுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. 1248இல் தொடங்கி 1880இல் கட்டி முடித்த ஆலயம் அது.

நேரம் குறைவு என்பது மட்டுமே என் குறை என்றால் இன்னும் இரண்டு நாளைச் சேர்த்துவிடலாம். குறை வேறு. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே ஓடும் இழையை இந்தப் பயணம் அறுத்துவிடுகிறது.

பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம். ஆண்டுக்கு 80 லட்சம் பேருக்கு மேல் வரும் இடம். எங்கள் மாணவர்கள் கூட்டத்தில் நசுங்கி மோனாலிசா முன் போய் நின்றார்கள். 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஓவியம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. செல்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் முதுகு காட்டி நின்ற எதிர்ச்சுவரில்தான் அந்த அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய ஓவியம் இருந்தது. வெரோனீசே 1563இல் தீட்டி முடித்த கானா திருமண விருந்து. அகலம் ஏறக்குறைய பத்து மீட்டர். வெனிஸில் சான் ஜார்ஜோ மஜோரே மடத்தின் உணவுக்கூடச் சுவருக்காகவே தீட்டப்பட்டது. 1797இல் நெப்போலியனின் படை அதை இறக்கி, துண்டாக்கி, பாரிஸுக்குக் கொண்டுபோனது. வெனிஸின் அந்தச் சுவரில் 2007 முதல் ஒரு நகல் இருக்கிறது.

நாலு நாள் கழித்து அதே பிள்ளைகள் வெனிஸில் புனித மாற்கு சதுக்கத்தில் நின்றார்கள். சான் ஜார்ஜோ தீவு கண்ணுக்கு எதிரே தண்ணீரில் நின்றது. படகில் ஒரே நிறுத்தம். மூல ஓவியம் ஓர் ஊரில், அது இருந்த சுவர் இன்னோர் ஊரில். இரண்டையும் ஒரே வாரத்தில் கடந்துபோனவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள உறவு தெரியாது. போரில் வென்றவன் எதை எடுத்துப் போகிறான், தோற்ற ஊர் எதை வைத்துக்கொண்டு வாழ்கிறது என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை யோசிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எது? எங்களுக்கு அங்கே கண்ணாடிப் பட்டறை பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பிரசெல்ஸில் நாங்கள் பார்த்தது சிறுநீர் கழிக்கும் சிறுவனின் வெண்கலச் சிலை. அதுவும் நகல்தான், மூலச் சிலை நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு சாக்லேட் கடை. அந்நகரின் ஐம்பதாண்டுப் பூங்கா வளைவைப் பேருந்து சுற்றிவந்தது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் தன் ஆட்சியில் இருந்த காங்கோவின் வருமானத்தில் எழுப்பிய வளைவு அது. அங்கிருந்து நேராகப் போகும் சாலை தெர்வூரன் என்னும் ஊரில் முடிகிறது. 1897இல் காங்கோவிலிருந்து 267 பேரை அழைத்துவந்து, போலிக் குடிசைகள் கட்டி அவற்றில் அமர்த்தி, கண்காட்சிப் பொருளாக வைத்த ஊர். அவர்களில் ஏழு பேர் அங்கேயே செத்தார்கள். தேவாலயத்தின் அருகே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. டிராமில் ஏறினால் போய்விடலாம். காலனி ஆட்சியைப் பாடமாகப் படிக்கும் நம் பிள்ளைகள் நிற்க வேண்டிய இடம் அதுவா, சாக்லேட் கடையா?

ஆம்ஸ்டர்டாமில் நான் செய்த தவறு இன்னும் பெரியது. அங்கிருந்து ரயிலில் முக்கால் மணிக்கும் குறைவான தூரத்தில் லெய்டன் இருக்கிறது. ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை அளித்ததைச் சொல்லும் செப்பேடுகளுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்த ஊர். அந்தச் செப்பேடுகள் அவர்கள் நாட்டுக்குப் போய், லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தன. எங்கள் குழுவில் நாகப்பட்டினத்துப் பிள்ளைகள் நாலு பேர். அவர்களைக் காற்றாலை ஊருக்கும் பாலாடைக்கட்டிக் கடைக்கும் கூட்டிப்போனேன். லெய்டனின் பெயரைக்கூட அவர்கள் காதில் போடவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று இருந்துவிட்டேன்.

கொலோனில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பேருந்துக்குப் போகும் வழியில் ஒரு பையன் குனிந்து நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைக் கல். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் அந்த ஊரில் பதிக்கத் தொடங்கிய கற்களில் ஒன்று. நாஜிகள் கொன்றவர்களும் துரத்தியவர்களும் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் அவர்களுடைய பெயரையும் பிறந்த ஆண்டையும் முடிவையும் பொறித்துப் பதிக்கிறார்கள். இன்று ஐரோப்பா முழுக்க அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் உண்டு. பையன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து, "சார், இவங்க எந்த மாடியில இருந்திருப்பாங்க?" என்று கேட்டான். நான், "வா தம்பி, பஸ் கிளம்பிடும்" என்றேன்.

அந்த ஏழு நாளில் எங்கள் குழுவில் எழுந்த கேள்விகளிலேயே மிகச் சிறந்தது அது. பதில் சொல்லக்கூட நான் நிற்கவில்லை.

என் கருத்தை எதிர்ப்பவர்கள் சொல்லும் வாதங்கள் எனக்குத் தெரியும். நானே சொன்னவை அவை.

"ஒன்றும் பார்க்காமல் இருப்பதற்கு இதாவது மேல்" என்பார்கள். ஒன்றும் பார்க்காத பிள்ளைக்கு ஆசை மிஞ்சும், கேள்வி மிஞ்சும். 'பாரிஸா, பார்த்தாச்சு' என்று சொல்லும் பிள்ளைக்கு எது மிஞ்சும்? அறியாமையைப் படிப்பால் போக்கலாம். அறிந்துவிட்டதாக நினைக்கும் நினைப்பைப் போக்குவது கடினம். இந்தப் பயணம் பணம் வாங்கிக்கொண்டு விற்பது அந்த நினைப்பைத்தான்.

"அவ்வளவு செலவு பண்ணிப் போறோம், நாலு ஊரைப் பாத்துட்டு வரணும்ல" என்பார்கள். விமானக் கட்டணம் ஒன்றுதான். அதற்கு மேல் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு ஊர் மாறுவதற்கே போகிறது. பேருந்துக்கும் சுங்கத்துக்கும் தினமொரு விடுதிக்கும் போகும் பணத்தை ஒரே ஊரில் நல்ல வழிகாட்டிக்கும் அருங்காட்சியகச் சீட்டுக்கும் செலவிட்டால் என்ன?

"பிள்ளைகள் பொறுப்பும் தோழமையும் கற்கிறார்கள்" என்பார்கள். உண்மை. கற்றார்கள். ஆனால் அதற்கு ஏற்காடு போதும். அந்த ஏழு நாளில் அவர்கள் பேசிய ஐரோப்பியர் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். விடுதி வரவேற்பாளர், கடைக்காரர், ஓட்டுநர், வழிகாட்டி. நாலு பேரும் கூலிக்குப் பேசியவர்கள். தம் வயதுப் பிள்ளை ஒருவரோடும் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாடு தினமும் இந்திய உணவகத்தில்.

"பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் ஐரோப்பா சுற்றியது பழைய மரபு" என்றும் சொல்வார்கள். அந்த மரபின் உள்ளிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. ஆடம் ஸ்மித் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை 1764இல் விட்டுவிட்டு, பக்ளூ கோமகனுக்குத் தனி ஆசிரியராகப் பிரான்சுக்கும் ஜெனீவாவுக்கும் போனவர். அவரே 1776இல் வெளியிட்ட நூலில், பதினேழு பதினெட்டு வயதில் இப்படி அனுப்பப்படும் பிள்ளை மூன்று நாலு ஆண்டு கழித்து மேலும் தற்பெருமையோடு, படிப்பிலும் வேலையிலும் ஊன்ற முடியாதவனாகத் திரும்புகிறான் என்ற பொருளில் கண்டித்து எழுதினார். ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களைப் பற்றிய தீர்ப்பே அது. ஏழு இரவுக்கு எந்த வாயால் நாம் கல்விப் பயணம் என்று பெயர் வைக்கிறோம்?

அந்த ஊர்களே இப்போது பேசத் தொடங்கிவிட்டன. 2024 முதல் வெனிஸ், நெரிசல் மிகுந்த சில நாள்களில், இரவு தங்காமல் பகலில் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. ஒரு வழிகாட்டியின் பின்னால் 25 பேருக்கு மேல் போகக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று விதித்திருக்கிறது. 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவு நகரத்தில் இன்று 50,000 பேர்கூட இல்லை. தங்குகிறவரையும் கடந்துபோகிறவரையும் அந்த ஊர் பிரித்துப் பார்க்கிறது. நாம் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறோம்?

மாற்று வழியை ஐரோப்பாவே வைத்திருக்கிறது. 75 ஆண்டுக்குள் மூன்று முறை ஒன்றையொன்று கொன்ற பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் இளைஞர் பரிமாற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கின. ஒரு நாட்டுப் பிள்ளை மற்ற நாட்டுப் பிள்ளையின் வீட்டில் தங்கும், அதன் வகுப்பில் உட்காரும். 1987இல் எராஸ்மஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியபோது குறைந்தது மூன்று மாதம் தங்க வேண்டும் என்று வைத்தார்கள். பகைவனையும் அண்டை வீட்டானையும் புரிந்துகொள்ள நினைத்தவர்கள் பேருந்து ஜன்னலை நம்பவில்லை.

நமக்கு மூன்று மாதம் வாய்க்காது. ஒரு வாரம் வாய்க்கும். அந்த ஒரு வாரத்தை ஒரே ஊரில் கழியுங்கள். லெய்டனையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் வழி தப்புவார்கள். இரண்டாம் நாள் ரொட்டிக் கடைக்காரர் முகம் தெரியும். மூன்றாம் நாள் டச்சு மொழியில் காலை வணக்கம் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கு முன்கூட்டியே எழுதினால் ஒரு முற்பகல் அங்கே உட்காரலாம். செப்பேடுகளின் கதையை, அவை பயணப்பட்ட கதையை, அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் நம் பிள்ளைகள் சொல்லலாம். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தை நீர் புகாமல் எப்படிக் காக்கிறார்கள் என்று காவிரிக் கடைமடைப் பிள்ளைகள் கேட்கலாம். ஒரு மாலை முழுக்க ஒன்றும் செய்யாமல் கால்வாய்க் கரையில் உட்காரலாம். கேள்வி பிறப்பது அப்படி உட்காரும்போதுதான்.

அடுத்த முறை பள்ளியில் அந்த மடிப்புத்தாளை நீட்டினால், பெற்றோர் 'எத்தனை ஊர்' என்று கேட்க வேண்டாம். 'ஒரே ஊரில் எத்தனை காலை விடியும்' என்று கேளுங்கள். பிள்ளை வழியில் ஒரு கல்லைப் பார்த்து நின்றால் கூட வரும் ஆசிரியருக்கு நிற்க நேரம் இருக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.