மான் தலைக்குக் கும்பிடு, ஆட்டுத்தோலுக்கு ஓடையா?

நிலக்கடலைக்குக் களை வெட்டு முடிஞ்சதால ரெண்டு நாளா உட்கார நேரம் கிடைச்சிருக்கு. மனசுல கிடந்து உறுத்துறதை எழுதிடுறேன். சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எங்க திண்டுக்கல் பக்கம் மலையடிவார ஊர்கள்ல இன்னமும் ஒரு ஆசை இருக்கு. மான் தோல்ல உட்கார்ந்து பூசை செஞ்சா விசேஷமாம். வீட்டு முகப்புல பாடம் செஞ்ச மான் தலை ஒண்ணு தொங்கினா கௌரவமாம். "எங்கயாவது கிடைக்குமா?" என்று காதோடு கேட்கிறவங்களை நானே பார்த்திருக்கேன். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வாங்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம். சான்று இல்லாம வீட்டில் வைத்திருந்தாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். அது ஒருபக்கம் இருக்கட்டும். நான் கேட்க வந்தது வேற. காட்டு மானோட தோலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர், ஞாயிற்றுக்கிழமை அறுக்கிற ஆட்டோட தோலை ஏன் ஓடையில வீசுது?

கறிக்கடைக்காரரைக் கேட்டா, "அண்ணே, ஒரு தோலுக்கு டீக்காசுகூட தர மாட்டேங்குறான், உப்பு வாங்கின காசே வராது" என்கிறார். பொய் இல்லை. செருப்பு, பை, பெல்ட் எல்லாம் ரெக்ஸினுக்கு மாறிப்போச்சு. ஆனா விலை மட்டும்தான் காரணம் என்றால் நான் ஒத்துக்க மாட்டேன். எள்ளு விலை விழுந்தப்ப யாரும் எள்ளை ஓடையில கொட்டலையே. தோலைக் கொட்டுறோம் என்றால், அதைத் தொடுறதே கேவலம் என்ற நினைப்பு உள்ளுக்குள்ள இருக்கு.

அந்தக் கேவலமான வேலை என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. ஆட்டை உரிக்கும்போதே வேலை தொடங்கிடுது. கத்தியை அதிகம் ஓட்டக் கூடாது. வயித்துப் பக்கம் கீறிட்டு, முஷ்டியை உள்ளே கொடுத்துத் தள்ளித் தள்ளி உரிக்கணும். ஒரு கத்திப்பட்டு விழுந்தாலும் தோல் அங்கே வீண். உரிச்ச ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள, நம்ம வெயிலுக்கு அதுக்கும் முன்னாடியே, கறி ஒட்டியிருந்த பக்கத்தில் உப்பு தேய்க்கணும். தோல் ரெண்டு கிலோ இருந்தா உப்பு கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஓரம், கால், கழுத்து மடிப்பு ஒண்ணும் விடக் கூடாது. நிழல்ல, தண்ணி வடியுற மாதிரி சாய்வா விரிச்சுப் போடணும். வெயில்ல போட்டா மேலே காய்ஞ்சு உள்ளே அழுகும். கொஞ்சம் தாமதிச்சாலும் முடியைப் பிடிச்சு இழுத்தா கொத்தா வந்திடும். அந்தத் தோல் போச்சு.

அப்புறம் ஊற வைத்து உப்பை எடுத்து, சுண்ணாம்புத் தொட்டியில் சில நாள். மரக்கட்டையில் கவிழ்த்துப் போட்டு மழுங்கின கத்தியால் முடியைத் தள்ளணும். திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிற சவ்வையும் கொழுப்பையும் சீவணும். கை கொஞ்சம் அழுந்தினா ஓட்டை. சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில போடணும். முதல்ல இளஞ்சாறு, போகப் போகக் கெட்டிச் சாறு. ஆரம்பத்திலேயே கெட்டியில போட்டா மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே பச்சையா நிக்கும். வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் கடுக்காய்த் தண்ணி, எண்ணெய்ப் பூச்சு, நிழல் காய்ச்சல். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிப் போன கிழக்கிந்தியத் தோல் இந்த வேலைதான். இன்னிக்கு அதுக்குப் புவிசார் குறியீடுகூட இருக்கு.

மான் தலை மட்டும் வேறயா? முடி நிக்கணும் என்பதால் அங்கே சுண்ணாம்பு கிடையாது. உப்பும் படிகாரமும்தான். காதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டிக் குருத்தெலும்பை எடுக்கணும். உதட்டையும் கண்ணிமையையும் காகிதம் மாதிரி சீவி மெலிசாக்கணும், இல்லேன்னா அங்கேதான் முதல்ல அழுகும். நீங்க சுவர்ல பார்க்கிறது தோலும் கொம்பும்தான். உள்ளே இருக்கிறது காகிதக்கூழோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்துச் செஞ்ச பொம்மை, கண்ணு கண்ணாடி. மைசூரில் வான் இங்கன் என்று ஒரு குடும்பம் இதுக்காகவே கம்பெனி நடத்துச்சு. ராஜாக்களும் துரைமார்களும் சுட்டதை எல்லாம் பாடம் செஞ்சு கொடுத்துட்டு 1999-இல் மூடினாங்க. அந்தத் தலைகளுக்குக் கீழே சுட்டவர் பேரு இருக்கும், தேதி இருக்கும். காதைப் புரட்டி உதட்டைச் சீவின ஆள் பேரு எந்தப் பலகையில இருக்கு?

எங்க ஊர்லயும் அதே கதைதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப கிணத்துல கமலைதான். கூனைக்கு அடியில் தோலால் தைத்த தும்பி இருக்கும். அது கிழிஞ்சா மாடு எத்தனை சால் இழுத்தாலும் வாய்க்காலுக்குத் தண்ணி வராது. அதைத் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர் தெருப் பெரியவர். அவர் பதனிட்ட தோல் வழியாத்தான் எங்க எல்லார் வீட்டுச் சோறும் வந்துச்சு. ஆனா களத்துல அவர் கடைசியில நின்னு நெல்லு வாங்கணும். அரைக்கால் சட்டை போட்ட பயல்கூட அவரை "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். பம்பு செட்டு வந்துச்சு, தும்பி போச்சு. அவர் மகன் திருப்பூர் போயிட்டார். நல்லதுதான் செஞ்சார். கை வித்தை அவரோட போச்சேன்னு இப்ப வருத்தப்படுறவங்க, அன்னைக்கு அவருக்குத் திண்ணையில இடம் கொடுத்திருக்கணும்.

தவில் சத்தம் இல்லாம எந்தக் கல்யாணமும் நடக்காது. அதுல இருக்கிறது தோல். சாமிக்கு முன்னாடி அடிக்கலாம், செஞ்ச கையை மட்டும் தள்ளி நிறுத்தணுமாம். என்ன நியாயம் இது?

"தோல் ஷாப்பாலதானேப்பா தண்ணி கெட்டுச்சு" என்று ஒருத்தர் கேட்பார். சரியான கேள்வி. பாலாறு என்ன ஆச்சு, எங்க திண்டுக்கல் சுத்துவட்டாரக் கிணறு என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியும். 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே வேலூர் வழக்கில் கண்டிச்சது. குரோம் உப்பை வைத்து வேகமா, மலிவா, ஆயிரக்கணக்கில் பதனிட்டு, கழிவை அப்படியே திறந்துவிட்ட முதலாளிகள் செஞ்ச வேலை அது. அதுக்கும் கூலிக்கு நின்னவனைத்தான் ஊர் திட்டுச்சு. ஆவாரம்பட்டையில் குரோம் இல்லை. ஆனா உப்புத் தண்ணி உப்புத் தண்ணிதான், வயலுக்கு விட்டா மண்ணு செத்துப்போகும். அதனால வீட்டுக்கு வீடு தொட்டி கட்டுங்கன்னு நான் சொல்ல வரலை. ஓடையில அழுகி நாய் இழுக்கிற தோலும் தண்ணியைக் கெடுக்கத்தான் செய்யுது, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

நான் கேட்கிறது சின்ன விஷயம். கறிக்கடைகளுக்குப் பொதுவா பஞ்சாயத்து ஒரு கொட்டகை போடணும். சிமெண்டு தரை, உப்புத் தண்ணி வடிய தனித் தொட்டி, ஒரு மூட்டை கல் உப்பு. தோல் சேர்ந்ததும் வண்டி வந்து எடுக்கட்டும். அடையாறுல 1948-இலிருந்து தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கேட்டா சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது "அது அவங்க வேலை" என்று ஒரே தெருவைக் கை காட்டக் கூடாது. ஒழுங்கான கூலி, கையுறை, பூட்ஸ் கொடுத்து எல்லாத் தெருவிலும் கேளுங்க. யாரும் வரலைன்னா, ஏன் வரலைன்னு ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையா பேசுவோம்.

போன ஆடியில் எங்க குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினப்ப பதினோரு தோலுக்கு நானே உப்புத் தேய்ச்சேன். "மச்சான், நமக்கு ஏன் இந்தப் பொழப்பு, பொண்ணு கட்டிக் கொடுத்த இடத்துல என்ன நினைப்பாங்க?" என்று என் தங்கச்சி வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடலை. அவர் தட்டுல இருந்ததும் அதே கிடாக் கறிதான்.

இந்த ஆடிக்கும் கல் உப்பு ரெண்டு மூட்டை சொல்லி வைத்திருக்கேன். கிடா வெட்டுறவங்க காலையிலேயே தகவல் சொல்லுங்க. உரிக்கிற தம்பிகிட்ட முஷ்டியால தள்ளி உரிக்கச் சொல்லுங்க. தோலைச் சுருட்டிப் பாலித்தீன் பையில கட்டி வைக்காதீங்க, பத்து மணிக்குள்ள வெந்து போயிடும். விரிச்ச மாதிரியே நிழல்ல போட்டு வைங்க, நான் வண்டியோட வர்றேன்.